தணல் சட்டியும் தக்காளி மண்டிக்காரரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 63. பாலக்கோடு பக்கம் தக்காளி கமிஷன் மண்டி வைத்திருப்பவர். பல வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. குடி, பீடி கிடையாது, வெற்றிலை மட்டும். ஜனவரி மூன்றாம் வாரக் கடைசியில் மனைவி, மகன், மருமகள் மூவரும் அவரைக் கைத்தாங்கலாகத் தர்மபுரியில் என் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உட்கார்ந்ததும் மகன் சொன்னது: "சிம்லா போயிட்டு வந்ததுல அப்பாவுக்குக் குளுரு மூளைக்கு ஏறிடுச்சுங்க டாக்டர்."

அதற்கு முன்பே ஊரில் பலரும் பலது சொல்லியிருந்தார்கள். பனியில் நடந்ததால் சீதளம் என்றார் ஒருவர். மலைக்காட்டில் எதையோ மிதித்துவிட்டார் என்றார் இன்னொருவர். மந்திரித்துக் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தது. வேறொரு இடத்தில் காட்டியதற்கு மன அழுத்தம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை தின்று இன்னும் மந்தமாகிவிட்டார் என்பது மனைவியின் புகார்.

என்ன நடந்தது என்று கோவையாகச் சொல்லச் சொன்னேன். தொடக்கம் மாட்டுப் பொங்கல். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடிக்க டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்திருக்கிறார். வெயில் ஏறியும் எழவில்லை. பேரன் போய் "தாத்தா" என்று உலுக்கியதும் அவனைப் பார்த்தார், பேசவில்லை. அடுத்த சில நாட்களில் லுங்கியைத் திருப்பிக் கட்டினார். சாப்பாட்டுத் தட்டில் குழம்பு ஊற்றிய பிறகும் வெறும் சோற்றை மட்டும் ஓரத்திலிருந்து எடுத்துத் தின்றார். திண்ணையில் உட்கார்ந்தபடியே சிறுநீர் போய்விட்டார், அதைப் பற்றி வெட்கமும் படவில்லை. மனைவியை உலுக்கிப் போட்டது இந்தக் கடைசி விஷயம்தான்.

மகனுக்கு உறைத்தது மண்டியில். காலை ஏலம் முடிந்ததும் ஒவ்வொரு விவசாயிக்கும் பெட்டி எத்தனை, விலை என்ன, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை போக எவ்வளவு என்று வாயாலேயே கணக்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சிட்டை எழுதுகிற மனிதர் அவர். கால்குலேட்டர் தட்டுகிற மகனைக் கிண்டல் செய்வார். அன்றைக்கு ஒரு விவசாயியின் பெயரை எழுதினார். அதன் கீழே அதே பெயரை எழுதினார். சிட்டை முழுக்க அந்த ஒரே பெயர். மகன் அந்தச் சிட்டையைப் பையில் மடித்து வைத்திருந்தான், எடுத்துக் காட்டினான். எழுத்து மேலிருந்து கீழே வரவரச் சிறுத்துக்கொண்டே போயிருந்தது.

அந்தச் சிட்டையே பாதி நரம்பியல் பரிசோதனை. எழுத்து சிறுத்துப் போவது பார்கின்சன் வகைக் கோளாறுகளில் வரும். சொன்னதையே திரும்பச் செய்வது மூளையின் முன்பகுதி வேலை நிறுத்தம் செய்வதைக் காட்டும். நேரில் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போனது. முகத்தில் அசைவில்லை. நடை குறுகிய அடிகளாக, தரையைத் தேய்த்துக்கொண்டு. உள்ளங்கையை வருடினால் என் விரலைப் பற்றிக்கொண்டு விடவில்லை; கைக்குழந்தைக்கு இருக்கும் அனிச்சைச் செயல் அது, பெரியவர்களுக்கு இருக்கக்கூடாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். "தொண்ணூத்தி மூணு" என்றார். அடுத்து? "தொண்ணூத்தி மூணு." காய்ச்சல் இல்லை, கழுத்து விறைப்பு இல்லை, கைகால் ஒருபக்கம் விழவில்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, சர்க்கரை 160.

ஆக, 63 வயதில், ஒரு வாரத்துக்குள், நினைவும் நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் சேர்ந்து போகிறது. வயதாகிவிட்டது, மறதி நோய் என்று ஒதுக்க முடியாத வேகம். இங்கே நான் முதலில் சந்தேகப்பட்டது மூளைக்கு மேல் மெல்ல மெல்லத் தேங்கும் ரத்தத்தை. காரணம், மருமகள் போகிற போக்கில் சொன்ன ஒரு தகவல்: "குஃப்ரியில மாமா பனியில வழுக்கி விழுந்தாருங்க, பின் மண்டையில லேசா அடி." குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்து மலையூர். தலையில் சிறிய அடி, இரண்டு மூன்று வாரம் ஒன்றும் இல்லை, பிறகு மந்தம், தடுமாற்றம். வயதானவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் எழுதியது போலவே வரும் சங்கதி அது. அறுவை செய்து ரத்தத்தை வடித்துவிட்டால் ஆள் எழுந்து நடப்பார் என்பதால், தேடாமல் விடவும் கூடாது. அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கட்டு இல்லை. நீர் தேங்கி மூளை அறைகள் விரிவடையவும் இல்லை. சோடியம், தைராய்டு, பி12 எல்லாம் சரி.

எம்.ஆர்.ஐ.க்குச் சேலம் அனுப்பினேன். படம் வந்தபோது விஷயம் வேறு பக்கம் திரும்பியது. மூளையின் வெள்ளைப் பகுதி இரண்டு பக்கமும் ஒரே சீராக, கண்ணாடியில் பார்த்தது போல் சமச்சீராக வெளுத்திருந்தது. ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்ற சிறு முடிச்சுகள் இரண்டு உண்டு. அவற்றிலும் இரு பக்கமும் ஒரே இடத்தில் மாற்றம். பக்கவாதம் இப்படி இடவலம் பார்த்துச் சமமாக வராது. விழுந்த அடியும் இப்படிச் செய்யாது. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டியிருக்கிறது, அல்லது ஏதோ நஞ்சு போயிருக்கிறது. குளோபஸ் பாலிடஸைத் தேடிப் பிடித்துத் தாக்கும் நஞ்சுகளில் முதல் பெயர் கார்பன் மோனாக்சைடு.

சிம்லாவை மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்டேன். இந்த முறை கோயிலும் பனியும் வேண்டாம், யார் எந்த அறையில் படுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

பயணம்

அரையாண்டு விடுமுறை. பேரனுக்குப் பனி பார்க்க வேண்டும். பெரியவருக்கு இஷ்டமில்லை, "பனி பாக்க அவ்ளோ தூரம் எதுக்கு, தளிக்குப் போனா மார்கழில நடுங்கலாம்" என்றாராம். பெங்களூரிலிருந்து சண்டிகருக்கு விமானம், அங்கிருந்து வேன். கால்கா ரயிலில் போக ஆசைப்பட்டார்கள், டிக்கெட் கிடைக்கவில்லை. 1903-ல் போட்ட அந்த 96 கிலோமீட்டர் குறுகிய பாதை 2008-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் டிசம்பரில் கூட்டம் அள்ளும். சிம்லாவில் ரிட்ஜ் மைதானம், கிறிஸ்து ஆலயம், மால் ரோடு, ஜாக்கு மலை ஆஞ்சநேயர். வழக்கமானதுதான், இவற்றில் எதற்கும் இந்த வழக்கில் வேலை இல்லை.

வேலை இருப்பது உயரத்துக்கு. சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர். நம் ஊட்டி 2,240 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் என்றால் நம்மூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படியும், அவ்வளவோடு சரி. சிம்லாவில் வானத்திலிருந்து பனி கொட்டுகிறது. ஊட்டி 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, சிம்லா 31-ல். அதோடு குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் காற்றுச் சுழற்சிகள் இமயமலையில் முட்டி ஈரத்தைக் கொட்டுகின்றன. பனி என்பது இடத்தையும் பருவத்தையும் பொறுத்தது. மூச்சு முட்டுவது உயரத்தைப் பொறுத்தது. இவை இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் இந்தக் குடும்பத்துக்கு வினையானது. மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்கினால்தான் வரும். இவரோ காரட் லோடு பேசுவதற்காக ஊட்டிக்குப் போய்த் தங்கித் தங்கி வந்தவர். அங்கே ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை.

சிம்லாவில் இரண்டாம் நாள் சாயங்காலம் பனி கொட்ட ஆரம்பித்தது. பேரன் குதித்தான். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பனியின் கனத்தில் மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் அங்கே மறுநாள்தான் வரும். அறை ஹீட்டர்கள் நின்றுவிட்டன. இளையவர்கள் மூவரும் ஓர் அறையில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையை மேலுக்கு மேல் போர்த்திப் படுத்தார்கள். பெரியவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை என்று விடுதிப் பையன் ஓர் இரும்புச் சட்டி நிறைய மரக்கரித் தணல் கொண்டுவந்து வைத்தான். அங்கீட்டி என்பார்கள், அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. வைத்துவிட்டு ஜன்னலைக் காட்டிக் கையசைத்துவிட்டுப் போனான். கொஞ்சம் திறந்து வை என்கிறான். இவர்கள் புரிந்துகொண்டது நேர் எதிராக.

மருமகள் போனில் அந்த இரவின் படம் இருந்தது. "மாமாவும் அத்தையும் குளிர் காயறாங்க" என்று சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது. பெரிதாக்கிப் பார்த்தேன். டைல்ஸ் தரையில் இரண்டு செங்கல், அதன் மேல் சட்டி, தணல் சிவந்து கனிந்திருக்கிறது, புகை ஒரு இழைகூட இல்லை. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பெரியவர் இரண்டு கையையும் நீட்டிச் சிரிக்கிறார். பின்னால் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் பத்திரிகைத் தாளைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் கதவின் அடிப்பகுதி தெரிகிறது. அங்கே ஒரு பச்சைத் துண்டு.

"துண்டை யாரு போட்டது?" என்றேன்.

"நான்தாங்க. காத்து சில்லுனு வந்துச்சு" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகன் கதவைத் தட்டுகிறான். வெகுநேரம் கழித்து அம்மா தள்ளாடிக்கொண்டு வந்து திறக்கிறார், தலைவலி, வாந்தி. அப்பா குறட்டை விடுகிறார், எழுப்பினால் எழவில்லை, படுக்கை நனைந்திருக்கிறது. தூக்கி வராந்தாவில் போட்டார்கள். நெற்றியில் தைலம், வாயில் இஞ்சித் துண்டு. அரை மணி நேரத்தில் கண் திறந்தார். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பையில் இருந்தது, விரலில் மாட்டினார்கள். 98. நல்லாத்தான் இருக்கு, மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவாயிற்று. பக்கத்து மருத்துவரிடம் போனபோதும் வாந்தியைச் சொன்னார்கள், மலையைச் சொன்னார்கள், தணல் சட்டியைச் சொல்லவில்லை. அது ஒரு செய்தியாகவே யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் டீ கேட்டுக் குடித்தார். அடுத்த நாள் குஃப்ரியில் குதிரை ஏறினார், பனியில் வழுக்கி விழுந்தார், சிரித்தார். ஊர் திரும்பி ஜனவரி இரண்டாம் தேதியே மண்டிக்குப் போய் வழக்கம்போல் வாய்க்கணக்குச் சொன்னார். தணல் இரவிலிருந்து மாட்டுப் பொங்கல் வரை ஏறக்குறைய 18 நாள்.

புகை இல்லாத நெருப்பு

விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். கனிந்த தணல் அப்படி எச்சரிக்காது. அதனாலேயே அது சுத்தமான நெருப்பு என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். கரி எரிய ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். மூடிய அறையில் சாம்பல் மூடிய தணலுக்குள் காற்று சரியாகப் போகாது. அங்கே கார்பன் மோனாக்சைடுதான் உண்டாகும். மேலும், அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடே மேலே உள்ள சிவந்த கரியைத் தொட்டுக் கடக்கும்போது மோனாக்சைடாக மாறுகிறது. நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. எடையும் ஏறத்தாழக் காற்றின் எடைதான். ஆகவே கட்டிலில் படுத்தாலும் ஒன்று, தரையில் படுத்தாலும் ஒன்று.

எவ்வளவு கரி வேண்டும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படத்தில் உள்ள அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பது அடி என்று வைத்துக்கொள்வோம். 30 கன மீட்டர். அந்தக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு மோனாக்சைடு கலக்க 30 லிட்டர் வாயு போதும். அதற்குச் செலவாகும் கார்பன் 15 கிராம். சட்டியில் இருந்தது ஒரு கிலோவுக்குக் குறையாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது சில மணி நேரத்தில் உயிரையே எடுக்கும் அளவு. அறை முழுக்க அடைபட்டிருக்காது, கசிவு இருந்திருக்கும்; இல்லாவிட்டால் இந்த ஆய்வை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அம்மாவுக்குக் குறைவாகப் பாதித்ததற்கும் கசிவு காரணமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு முறை குளியலறைக்கு எழுந்து போயிருக்கிறார், அங்கே மேலே காற்றுத் திறப்பு இருந்தது.

உடலுக்குள் போன பிறகு நடப்பது இது: ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். மோனாக்சைடு அதோடு ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாக ஒட்டுகிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு யாரும் உட்காரவும் விடாதவன் மாதிரி. மிச்சமிருக்கும் இடங்களில் ஏறிய ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் இறக்க விடாது. அதோடு நிற்பதில்லை, மூளைச் செல்களுக்குள் நேரடியாகவும் புகுந்து கெடுக்கிறது. ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 1895-ல் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, என்ன ஆகிறது என்று குறித்து வைத்தார். அதே ஹால்டேன் 1911-ல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஏறி, உயரத்தில் மூச்சு எப்படி மாறுகிறது என்றும் ஆராய்ந்தார். மலை நோய், கரி நோய் இரண்டையும் ஒரே ஆள் பிரித்துப் பார்த்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. விடுதி அறையில் இன்னும் அவை ஒன்றாகவே கிடக்கின்றன.

ஆக்சிமீட்டர் ஏன் 98 காட்டியது? விரலில் மாட்டும் கருவி இரண்டு ஒளிகளை, 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஒட்டியதும் அந்தச் சிவப்பு ஒளிக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கருவி இரண்டையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். உண்மையில் 98-ஐப் பார்த்தே சந்தேகம் வந்திருக்கலாம்: அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் மேல். 63 வயதுக்காரருக்கு 94, 95 வந்திருந்தால் இயல்பு. எழுப்பினால் எழாத மனிதருக்கு 98 என்பது ஆறுதல் தரும் எண்ணே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ரத்தத்தை எடுத்து வேறு வகைக் கருவியில் பார்க்க வேண்டும், அதுவும் அன்றே. வெறும் காற்றை சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பாதியாகிவிடும். என்னிடம் வந்தபோது ரத்தத்தில் தேட ஒன்றும் மிஞ்சியிருக்காது. புத்தகங்களில் எழுதியிருக்கும் செக்கச் சிவந்த உதடும் உயிரோடு இருப்பவரிடம் அபூர்வமாகத்தான் தெரியும். வாட்ஸப் படம் ஒன்றுதான் என் கையில் இருந்த ஆய்வக முடிவு.

நடுவில் வந்த நல்ல நாட்கள்

முதல் நஞ்சிலிருந்து தெளிந்து, நன்றாக நடமாடி, இரண்டு நாள் முதல் நாற்பது நாளுக்குள் மறுபடி மூளை மங்குவது இந்த வாயுவின் பேர்போன குணம். நடுவில் ஆள் முழு ஆரோக்கியமாகத் தெரிவார். நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெல்லச் சிதைவதும், அதற்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே துணை போவதும் காரணமாகக் கருதப்படுகின்றன. வயதானவர்களுக்கும், வெகுநேரம் நினைவிழந்து கிடந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நிலக்கரி வில்லைகளை எரித்துத் தரையைச் சூடாக்கும் வழக்கம் இருந்த தென்கொரியாவிலிருந்து 1983-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதில் பேர் போனது: வாயு தாக்கிய 2,360 பேரில் 65 பேருக்கு இப்படிப் பின்னால் வந்தது. அவர்களில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 36 பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரு வருடத்துக்குள் தேறினார்கள்.

மகனிடம் இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் சொன்னேன். மற்றதெல்லாம் அப்புறம்.

அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சைக்குச் சென்னையோ பெங்களூரோ போகலாமா என்று கேட்டார்கள். 2002-ல் வந்த ஒரு முக்கியமான ஆய்வில், 152 பேரில், நஞ்சு தாக்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு ஆறு வாரம் கழித்து நினைவுக் கோளாறு குறைவாக இருந்தது. இவரோ நான்காவது வாரத்தில். தாமதமாகக் கொடுத்துப் பலன் கண்டதாகச் சிறு சிறு பதிவுகள் உண்டு. திடமான ஆதாரம் என்று சொல்லும்படி இல்லை. செலவையும் அலைச்சலையும் பலனின் நிச்சயமின்மையையும் எதிரெதிரே வைத்துப் பேசினோம். வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான முடிவுதான். வேறொரு மருத்துவர் அனுப்பியிருந்தால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி மோசம். பேச்சு முழுக்க நின்றது, விழுங்கத் திணறினார், மூக்கு வழிக் குழாயில் கஞ்சி. மனைவிக்கும் மகனுக்கும் மூன்று வேலை கற்றுக்கொடுத்தோம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மூட்டுகளை மடக்கி நீட்டுவது, குழாய் உணவின்போது தலையை உயர்த்தி வைப்பது. படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. அதற்கான பெருமை முழுக்க அந்த அம்மாவுக்கு. மன அழுத்த மாத்திரையை நிறுத்தினேன். பார்கின்சன் மருந்து கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் நிறுத்தினோம். மார்ச் கடைசியில் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு "காப்பி" என்றார். மாங்காய் சீசனில் வாக்கரோடு வாசல் வரை. ஆடிப்பெருக்கு சமயத்தில் துணையில்லாமல் நடந்தார்; ஒகேனக்கல் கூட்டிப் போகலாமா என்று கேட்டார்கள், படிக்கட்டு வழுக்கும், வேண்டாம் என்றேன்.

கடைசியாகப் பார்த்தது ஐப்பசியில். நூறிலிருந்து ஏழு ஏழாக ஐந்து முறை சரியாகக் கழித்தார்; நேரம் எடுத்தது. சிறுநீர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது. எழுத்து இன்னும் சிறியதுதான். மண்டிக்கு வந்து உட்காருகிறார், விலையில் மகன் ஏமாந்தால் அதட்டுகிறார், சிட்டை மகன் கையில். சிம்லா சுத்தமாக நினைவில் இல்லை. விமானம் ஏறியதுகூட இல்லை.

உள்ளூர்க் கணக்கு

இது இமயமலைச் சமாச்சாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. கொடைக்கானல், ஊட்டி அறைகளுக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. பார்பிக்யூ போட்டு முடித்த அடுப்பை, சூடாக இருக்கட்டுமே என்று உள்ளே எடுத்து வைப்பது தணல் சட்டியேதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மார்கழிக் குளிரில் மூடிய குடிசைக்குள் கணப்பு உண்டு. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் சாம்பிராணித் தணலை வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் நிறைய. பச்சைக் குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும், அதனால் அதற்குத்தான் முதலில் ஏறும். ஓசூர் வாடகை வீடுகளில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர். குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தார் என்றால் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், கீசரைப் பார்ப்பதில்லை.

என் கிளினிக்கில் தலைவலி, வாந்தி என்று வருபவர்களிடம் இப்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கிறோம்: வீட்டில் வேறு யாருக்காவது, வளர்க்கும் நாய்க்காவது, இதே நேரத்தில் இதே தொல்லையா? வெளியே காற்றாட வந்தால் குறைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் முழு அளவு ஆக்சிஜன் முகமூடி போட்டுவிட்டுத்தான் மற்றது. தூய ஆக்சிஜனில் வாயுவின் அளவு பாதியாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். தெளிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம், ஆறு வாரம் வரை மறதி, நடைத் தடுமாற்றம், பேச்சுக் குறைவு வந்தால் உடனே வரச் சொல்லி, சீட்டில் "கரி வாயு" என்று பெரிதாக எழுதிக் கொடுக்கிறோம். வேறு மருத்துவரிடம் போனாலும் அவர் கண்ணில் படட்டும் என்று. குளிர் ஊருக்குப் போகிறவர்களுக்கு, பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவில் கிடைக்கிறது, வாங்கிப் பெட்டியில் போடுங்கள் என்கிறேன். விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் அதன் விலை ஒன்றுமே இல்லை.

மனைவியையும் மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தோம். நினைவு, நடை, கணக்கு எல்லாம் சரியாக இருந்தன, எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவைப்படவில்லை. மகன் ஓசூரில் வைத்திருக்கும் வாடகை வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருப்பது அந்தப் பேச்சுவாக்கில்தான் வெளிவந்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் சண்டை போட்டு அதை வெளிச்சுவரில் மாட்ட வைத்திருக்கிறான்.